நிறுவலும் உரிமமும்: ஒப்புருவாக்க மென்பொருள் பற்றி ஒரு மொழியியல் நோக்கு

கணினி நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்பு என்றே வகுத்திருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இலக்கியப் படைப்பு என்பதற்குத் தரும் விளக்கத்தில் கணினி நிரலையும் சேர்த்துள்ளன. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையும், நிரல் மூலவடிவில் இருந்தாலும் பொறிவடிவில் இருந்தாலும் அதற்கு இலக்கியப் படைப்புக்குரிய பாதுகாப்பையே தரவேண்டும் என்று தன் பத்தாம் உறுப்பில் கூறுகிறது. காப்பியங்களோடும் சிறுகதைகளோடும் பழகிய நமக்கு இந்த வகைப்பாடு சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். எனினும், மொழி மன்றம் ஒன்றின் சொற்பொழிவு வரிசையில் மென்பொருளைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டமைக்கு இதைவிட நல்ல காரணம் வேறு வேண்டியதில்லை.

இவ்வகைப்பாட்டின் விளைவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நூலொன்றை வாங்கியவர் அதனைப் படிப்பதற்காகப் படியெடுக்க வேண்டியதில்லை. நிரல் அவ்வாறன்று. நிறுவும்போது வன்வட்டில் ஒரு படி உண்டாகிறது. இயக்கும்போது நினைவகத்தில் மற்றொரு படி உண்டாகிறது. பிறருடைய படைப்பைப் படியெடுக்க அவருடைய இசைவு வேண்டும். அவ்விசைவையும் அதற்குரிய நிபந்தனைகளையும் எழுத்தில் தரும் பனுவலே உரிமம். மென்பொருளை நிறுவும் ஒவ்வொருவர் முன்னும் இப்பனுவல் ஒருமுறை திரையில் தோன்றுகிறது. பெரும்பாலோர் அதனைப் படியாமலே ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்திக் கடந்து விடுகின்றனர். கடன் பத்திரத்தைப் படியாமல் கையொப்பமிடத் தயங்கும் மனிதரும் இங்கே தயங்குவதில்லை.

சொற்செயலிக்கோ படம் பார்க்கும் செயலிக்கோ இந்த அலட்சியம் பெருங்கேடு விளைவிப்பதில்லை. அறிவியல் ஒப்புருவாக்க மென்பொருளில் நிலைமை வேறு. மாணவர் ஒருவர் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் உழைத்து அம்மென்பொருளில் ஒரு மாதிரியைக் கட்டுகிறார். அதிலிருந்து கிடைத்த எண்களைக் கொண்டு ஆய்வேட்டை எழுதுகிறார். பட்டம் பெற்றபின் தம் மாதிரியைத் தாமே மீண்டும் திறக்க இயலுமா, தேர்வாளரோ பிறிதொரு நாட்டு ஆய்வாளரோ அதனை இயக்கிச் சரிபார்க்க இயலுமா என்னும் வினாக்களுக்கு விடையை அவ்வுரிமப் பனுவலில்தான் தேடவேண்டியிருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னரே அதனைப் படித்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

சொற்கள் சில

ஒப்புருவாக்கம் என்பது யாது? இயற்கையில் நிகழும் ஒன்றைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினி சிறுசிறு காலத் துண்டுகளாகக் கணித்துச் செல்ல, அந்நிகழ்வின் சாயலைத் திரையில் காண்பது. விமான இறக்கையைச் சூழ்ந்தோடும் காற்று, வேதிக் கலனுள் நிகழும் வினை, மனிதத் தொண்டையில் பிறக்கும் ஒலி எனப் பலவற்றையும் இவ்வாறு ஆராயலாம். இதற்குத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. ‘உருவகப்படுத்தல்’ என்பர் சிலர். உருவகம் அணியிலக்கணத்தில் ஏற்கெனவே ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மாணவர் மயங்குவர். ‘பாவனை’ என்பது அழகிய சொல். ஆயினும் இலங்கைத் தமிழில் அது பயன்பாடு என்னும் பொருளில் அன்றாடம் வழங்குகிறது. பாவனையாளர் என்றால் அங்கே பயன்படுத்துபவர். யாழ்ப்பாணத்து வழியினர் பலர் வாழும் இந்நாடுகளில் ‘பாவனை மென்பொருளைப் பாவித்தல்’ என்று எழுதினால் படிப்பவர் திகைப்பர். ஆதலின் ‘ஒப்புருவாக்கம்’ என்னும் சொல்லையே இங்கு ஆள்கிறோம்.

‘நிறுவுதல்’ என்னும் சொல்லில் எமக்குத் தனி ஈடுபாடு உண்டு. கணிதப் பாடநூல்களில் ‘நிறுவுக’ என்றால் மெய்ப்பித்துக் காட்டுக என்பது பொருள். கணினியில் நிறுவுக என்றால் நிலைபெறச் செய்க என்பது பொருள். ஒப்புருவாக்க ஆய்வில் இவ்விரண்டும் நெருங்கி வந்துவிடுகின்றன: ஒருவர் பெற்ற முடிவை மற்றவர் நிறுவிக்காட்ட வேண்டுமானால், முதலில் அதே மென்பொருளைத் தம் கணினியில் நிறுவ இயலவேண்டும்.

உரிமை, உரிமம் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது. உரிமை ஒருவருக்கு உரியது. உரிமம் ஒருவர் மற்றவருக்கு, நிபந்தனையோடு, காலவரம்போடு தருவது. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பதால் எவரும் வண்டிக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ‘மென்பொருள் வாங்கினேன்’ என்று நாம் சொல்லும்போது உண்மையில் வாங்கியது உரிமத்தை மட்டுமே. படைப்பு உரியவரிடமே இருக்கிறது. இதனோடு பதிப்புரிமை, காப்புரிமை என்பனவற்றையும் செய்தித்தாள்கள் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுகின்றன. எழுத்துக்கும் நிரலுக்கும் உரியது பதிப்புரிமை. கண்டுபிடிப்புக்கு உரியது காப்புரிமை. வகுப்பறையிலாவது இவ்வேறுபாட்டைக் காப்பது நலம்.

தொண்டையைக் கணித்தல்

எம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவதாக அமைந்தது பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் செயலால் வேறுவேறு எழுத்துகளாகப் பிறக்கும் முறையை அது விளக்குகிறது. ஒலியைக் காற்றும் உறுப்பும் சேர்ந்த ஓர் இயக்கமாகக் கண்ட பார்வை அது. இதே பார்வையைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் இயக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் பெயர் பிராட்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் துறையைச் சார்ந்த பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவரும் உருவாக்கியது பிராட். டச்சு மொழியில் அச்சொல்லுக்குப் ‘பேசு’ என்று பொருள். பெரும்பாலான ஆய்வாளர்கள் பதிவுசெய்த பேச்சை அளப்பதற்கே இதனைப் பயன்படுத்துகின்றனர். அலைவரிசைப் படம் வரைவர், சுருதியை அளப்பர். ஆனால் அதனுள் உறுப்பொலி ஆக்கம் என்னும் பகுதியும் உண்டு. அங்கே பதிவுசெய்த குரல் எதுவும் தேவையில்லை. ஆண், பெண், குழந்தை என்னும் மூவகைப் பேசுநருள் ஒருவரைத் தெரிவு செய்து, நுரையீரலின் நிலை, குரல்வளைத் தசையின் இறுக்கம், தாடையின் உயரம், நாத் தசைகளின் இழுவை முதலியன எந்தக் கணத்தில் எவ்வளவு என்று எண்களால் குறிக்கவேண்டும். நுரையீரலிலிருந்து இதழ்வரை நீளும் வழியைக் குழல்களின் வரிசையாகக் கொண்டு, அவற்றினூடே காற்று பாய்வதையும் குழற்சுவர்கள் அதிர்வதையும் மென்பொருள் கணிக்கிறது. கணிப்பு முடிந்ததும் ஓர் உயிரொலி கேட்கிறது. மெல்லண்ணத்தை உயர்த்தும் தசைக்கு உரிய எண்ணைக் கொடுக்க மறந்தால், மூக்குவழி திறந்தே கிடக்க, அவ்வுயிர் மூக்கொலியாய் வெளிப்படும். அண்ணமும் மூக்கும் ஒலியில் என்ன செய்கின்றன என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த கருவியை யாம் அறியோம்.

இதனை நிறுவுவது மிக எளிது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து, தம் கணினியின் இயங்குதளத்துக்கும் செயலிச் சில்லுக்கும் பொருந்தும் படியை இறக்கிக்கொள்ளவேண்டும். விண்டோஸில் அது சுருக்கிய கோப்பாக வரும். விரித்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு நிரற்கோப்பு. அதனை இருமுறை சொடுக்கினால் இயங்கும். பதிவெண் கேட்பதில்லை, கணக்குத் திறக்கச் சொல்வதில்லை, முடிவு நாளும் இல்லை. விரற்கடை அளவான நினைவுக்குச்சியில் வைத்துக்கொண்டு வேறொரு கணினியிலும் இயக்கலாம். பள்ளி வழியாகப் பெற்ற மடிக்கணினியில் சாதன மேலாண்மைச் செயலி இருக்குமானால் மட்டும் மாணவர் தாமாக எதனையும் நிறுவ இயலாமல் போகலாம்; அப்போது ஆசிரியர் பள்ளியின் தொழில்நுட்பப் பிரிவினரிடம் முன்னரே சொல்லி வைக்கவேண்டும்.

நிறுவல் இவ்வளவு எளிதாய் இருப்பதற்கும் அதன் உரிமத்துக்கும் தொடர்புண்டு. பிராட் க்னூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகிறது. அதன் மூலநிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். யார் இயக்குகிறார் என்று கண்காணிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆதலால் பூட்டும் இல்லை. இதன் பயன் பொருளாதாரத்தோடு நின்றுவிடுவதில்லை. நாவின் நடுக்கோட்டு வடிவத்தைக் கொண்டு குழலின் அகலத்தைக் கணிக்கும் மாதிரி ஒன்றில், காற்று நாவின் இருபுறமும் வழியும் லகர ளகரங்களைக் காட்டுவது எளிதன்று. தமிழொலிகளை ஆராய்பவர் ஒருவர் அம்மாதிரியை விரித்தெழுத விரும்பினால், எவரிடமும் இசைவு கேளாமல் மூலநிரலைத் திறந்து தொடங்கலாம். பிறர் மொழிக்கென எழுதிய மாதிரியை நம் மொழிக்கு ஏற்பத் திருத்த முடிவது எத்துணைப் பெரிய வாய்ப்பு என்பதை மொழியாசிரியர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

எண்ணி அளிக்கும் உரிமம்

இனி மறுபுறத்தைக் காண்போம். பொறியியல், இயற்பியல் துறைகளில் வழங்கும் வணிக ஒப்புருவாக்க மென்பொருள்கள் பலவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் ‘மிதவை உரிமம்’ பெறுகின்றன. உரிமம் எந்தக் கணினியோடும் கட்டப்படாமல், நூலகத்துப் படிகளைப்போலக் கைமாறிக்கொண்டே இருப்பதால் அப்பெயர். இருபது பேருக்கான உரிமம் இருந்தால், ஒரே நேரத்தில் இருபது பேர் இயக்கலாம். முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருபத்தொன்றாவது மாணவர் காத்திருக்கவேண்டும். யார் எடுத்தார், யார் திருப்பினார் என்று கணக்கு வைப்பது உரிம வழங்கி எனப்படும் ஒரு கணினி. இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுவது ஃப்ளெக்ஸ்எல்எம் என்று தொடங்கி இன்று ஃப்ளெக்ஸ்நெட் என வழங்கும் அமைப்பு. மேட்லேப், ஆன்சிஸ் முதலியவற்றின் வலையமைப்பு உரிமங்கள் இவ்வமைப்பை ஒட்டியே இயங்கி வந்துள்ளன.

அவ்வழங்கியில் இருக்கும் உரிமக்கோப்பை ஒருமுறையேனும் திறந்து பார்க்குமாறு மாணவரை வேண்டுகிறோம். அது எவரும் படிக்கக்கூடிய எளிய எழுத்துக்கோப்புதான். முதல் வரியில் வழங்கியின் பெயரும் அதன் அடையாள எண்ணும் இருக்கும். அடையாள எண் பெரும்பாலும் கணினியின் வலையட்டையில் பொறித்த முகவரி. பதினாறடிமான எண்முறையில் 12 குறிகள். அடுத்த வரி விற்பனையாளரின் சேவைநிரலைச் சுட்டும். அதன்பின் ஒவ்வொரு மென்பொருட் கூறுக்கும் ஒரு வரி: கூற்றின் பெயர், பதிப்பு, முடிவு நாள், எத்தனை பேர், ஈற்றில் ஒரு நீண்ட மின்கையொப்பம். இன்னது, இந்தப் பதிப்புவரை, இந்த நாள்வரை, இத்தனை பேருக்கு என்று வினைமுற்றே இல்லாமல் ஓடும் பெயர்த்தொடர் அது. ஆயினும் அதன் ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆணை. நாளைத் திருத்தினாலோ எண்ணிக்கையைக் கூட்டினாலோ மின்கையொப்பம் பொருந்தாமல் போய், வழங்கி அவ்வரியைத் தள்ளிவிடும். உரை முழுவதையும் தன் ஈற்றுச் சொல்லால் காக்கும் இத்தகைய பனுவலை மொழி ஆராய்ச்சியில் யாம் வேறெங்கும் கண்டதில்லை.

மாணவர் அஞ்சி ஓடும் பிழைச் செய்திகளும் இக்கோப்பைப் படித்தோருக்கு எளிதில் விளங்கும். -4 என்று வந்தால் அனுமதித்த எண்ணிக்கை நிரம்பிவிட்டது. எவரேனும் மூடிச் செல்லும்வரை பொறுக்கவேண்டும். -10 என்றால் முடிவு நாள் கடந்துவிட்டது. -15 என்றால் வழங்கியை எட்டமுடியவில்லை. வீட்டிலிருந்து பணிபுரியும் மாணவர் பல்கலைக்கழகத்தின் தனிவழி இணைப்பை இயக்காமல் இருந்திருப்பார், அல்லது 27000 முதல் 27009 வரையான போர்ட் எண்களைத் தீயரண் தடுத்திருக்கும். -9 என்றால் அடையாள எண் பொருந்தவில்லை. இது தனிக்கணினிக்கே கட்டிய உரிமங்களில் அடிக்கடி நேர்வது. மடிக்கணினியில் செருகிய வலையட்டையின் முகவரிக்கு உரிமம் பெற்றுவிட்டு, அவ்வட்டையைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டால், தன் வீட்டையே அடையாளம் தெரியாதவரைப்போல மென்பொருள் விழிக்கும். முடிவு நாளை ஏமாற்றக் கணினிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவோருக்கென்றே -88 என்னும் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மனித இயல்பை அறிந்தவர் வகுத்த எண் அது.

எமக்குத் தெரிந்த ஆய்வு மாணவர் ஒருவர் துறையின் உரிமத்தைக் கொண்டு ஈராண்டுகள் ஓர் ஒப்புருவாக்கத்தைக் கட்டினார். ஆய்வேட்டை ஒப்படைத்த சில கிழமைகளில் அவருடைய பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டது. கணக்கோடு உரிமமும் அற்றது. பின்னர்த் தேர்வாளர் ஒரு வரைபடத்தை வேறு எல்லைகளோடு மீண்டும் வரைந்து தருமாறு கேட்டார். கோப்பு அவருடைய கணினியில்தான் இருந்தது. ஆனால் அது அம்மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய வடிவில் இருந்தமையால், தம் எழுத்தைத் தாமே படிக்க இயலாத நிலை. ஏறத்தாழ இரு மாதங்கள் கடிதப் போக்குவரத்தில் கழிந்த பிறகே வேலை முடிந்தது. அப்பல்கலைக்கழகமும் விற்பனையாளரும் தத்தம் விதிப்படியே நடந்தனர். உரிமத்தில் எழுதியிருந்ததற்கு மாறாக எவரும் எதனையும் செய்யவில்லை. மாணவர் உரிமங்களும் கல்வி உரிமங்களும் விலை குறைந்திருப்பதற்குக் காரணம், அவை காலத்தாலும் நோக்கத்தாலும் குறுகியவை என்பதே. படிப்புக்குப் பெற்ற உரிமத்தில், படித்த பின் ஊதியத்துக்குச் செய்யும் பணிக்குப் பெரும்பாலும் இடமில்லை.

பூட்டுடைத்த படிகள் மாணவரிடையே கைமாறுவதை ஆசிரியர்கள் அறியாதவர்போல் இருத்தல் தகாது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, பூட்டை உடைத்தவர் நிரலில் வேறென்ன மாற்றினார் என்பதை எவராலும் சொல்லமுடியாது. அத்தகைய படியில் பிறந்த எண்களை ஆய்வேட்டில் எழுதுபவர் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று அடிக்குறிப்பில் குறிப்பார்?

ஒரே தேவை, இரு பாதைகள்

வணிக உரிமம் என்றாலே தீது என்று கொள்ளவேண்டியதில்லை. மேட்லேப்பின் வரலாறே மாணவர் நலனில் தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த கிளீவ் மோலர், லின்பேக், ஐஸ்பேக் என்னும் அணிக்கணித நிரற்றொகுதிகளைத் தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே பயன்படுத்தவேண்டும் என்று விரும்பி முதல் மேட்லேப்பை எழுதினார். 1984இல் அது ஒரு நிறுவனத்தின் விளைபொருளாயிற்று. ஆவணங்கள், பயிற்சி, தொழிற்றுறைக்கு வேண்டிய கூடுதற் கூறுகள் யாவும் அதன்பின் பெருகின. அவற்றுக்கான விலைதான் உரிமக் கட்டணம்.

அதே ஃபோர்ட்ரான் தொல்லையிலிருந்து மற்றொரு பாதையும் பிறந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ராலிங்ஸ், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் எக்கர்ட் ஆகியோர் வேதிக்கலன் வடிவமைப்புக்கு ஒரு பாடநூல் எழுத முற்பட்டபோது, அதற்குத் துணையாக ஒரு மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம் 1988ஐ ஒட்டி எழுந்தது. மாணவர்கள் வேதிப் பொறியியலைக் கற்பதை விட்டுத் தம் நிரல் ஏன் பிழைத்தது என்று தேடுவதிலேயே பொழுதைப் போக்கினர். ஜான் ஈட்டன் 1992இல் முழுமையாக இறங்கி எழுதத் தொடங்கினார். முதற்பதிப்பு 1994இல் வெளிவந்தது. அதுவே க்னூ ஆக்டேவ். பெயரைக் கேட்டு இசையின் எண்மச் சுரத்தை நினைப்பவர் பலர். ஈட்டனின் ஆசிரியர்களுள் ஒருவரும், வேதிவினைப் பொறியியலில் புகழ்பெற்ற பாடநூலின் ஆசிரியருமான ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் அது. கையில் கிடைத்த தாளில் விரைந்து தோராயக் கணக்குப் போட்டுவிடும் ஆற்றலுக்குப் பெயர்போனவர் அவர்.

மேட்லேப்பில் எழுதிய நிரல்கள் பல சிறு மாற்றத்தோடு, சிலவேளை மாற்றமே இன்றி, ஆக்டேவில் இயங்குகின்றன. அந்நிரல்கள் எளிய எழுத்துக்கோப்புகள் என்பதும் ஒரு காரணம். எந்த மென்பொருளும் இல்லாமலே அவற்றைத் திறந்து படிக்கலாம். ஆனால் படம் வரைந்து அமைப்புகளை ஒப்புருவாக்கும் சிமுலிங்க் போன்ற கூறுகள் ஆக்டேவில் இயங்கா. வகுப்புப் பயிற்சிக்கு எது போதும், தொழிற்றுறைத் திட்டத்துக்கு எது வேண்டும் என்பதை ஆசிரியர் பாடத்திட்டத்தை வகுக்கும்போதே எடைபோட வேண்டும். பல்கலைக்கழகம் மேட்லேப் உரிமம் தந்திருப்பினும், ஆய்வேட்டின் அடிப்படைக் கணிப்பை ஆக்டேவிலும் ஒருமுறை இயக்கிப் பார்க்குமாறு மாணவருக்குச் சொல்வது எம் வழக்கம். இயங்கினால் பட்டம் பெற்ற மறுநாளும் அது அவர் கையில் இருக்கும். இயங்காவிடில் எந்தப் பகுதி பூட்டோடு பிணைந்திருக்கிறது என்பதேனும் தெரிந்துவிடும்.

பொதுமக்கள் உரிமத்தில் எழுதியிருப்பது

பிராட்டுக்கும் ஆக்டேவுக்கும் பொதுவான க்னூ பொதுமக்கள் உரிமம் 1989இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதனைப் பேணி வருகிறது. ஆங்கிலத்தின் ‘ஃபிரீ’ என்னும் சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பதால் அவ்வியக்கத்தார் கடந்த நாற்பதாண்டுகளாக விளக்கம் கூறிக்கொண்டே இருக்கின்றனர். தமிழுக்கு இந்த இடர் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விலையின்றிக் கிடைத்தும் மூலநிரல் மறைத்து வைக்கப்பட்ட மென்பொருள்கள் உள்ளன. அவை இலவசம் மட்டுமே. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்பதையோ இவ்வுரிமம் தடுப்பதில்லை. தெளிவான இரு சொற்கள் கையிலிருக்க, இரண்டையும் ‘இலவச மென்பொருள்’ என்றே எழுதும் இதழ்களைக் கண்டு வருந்துகிறோம்.

இவ்வுரிமத்தில் பலர் அறியாத இரு செய்திகளைச் சுட்டவேண்டும். முதலாவது, நிரலை வெறுமனே இயக்குவதற்கு இவ்வுரிமத்தை எவரும் ஏற்கவேண்டியதில்லை. இரண்டாம் பதிப்பு, இயக்கும் செயல் கட்டுப்படுத்தப்படவில்லை என்கிறது; மூன்றாம் பதிப்பு, ஒரு படியைப் பெறவோ இயக்கவோ ஏற்பு தேவையில்லை என்று ஒரு தனிப்பிரிவையே வைத்துள்ளது. பிறருக்குப் படியளிக்கும்போதும், திருத்தியதை வெளியிடும்போதுமே நிபந்தனைகள் எழுகின்றன: பெற்ற உரிமைகளை அடுத்தவருக்கும் அப்படியே தரவேண்டும், மூலநிரலையும் உடன் தரவேண்டும். ஆகவே சில நிறுவல் நிரல்கள் இவ்வுரிமத்தைக் காட்டி ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தச் சொல்வது பழக்கத்தின் பயன். அப்பனுவல் அதனைக் கேட்கவில்லை. இரண்டாவது, நிரலின் வெளியீடு பயனருக்கே உரியது. பிராட்டில் வரைந்த அலைவரிசைப் படத்தையோ ஆக்டேவில் கணித்த அட்டவணையையோ ஆய்வேட்டில் சேர்ப்பதால் ஆய்வேடு அவ்வுரிமத்துக்கு உட்பட்டுவிடாது. வெளியீட்டின் உள்ளடக்கமே நிரலின் ஒரு பகுதியாக அமைந்தால் மட்டும் நிலைமை மாறும். ஒலியியல் படங்களுக்கு அது பொருந்தாது. ‘கட்டற்ற மென்பொருளைத் தொட்டால் நம் ஆய்வும் பொதுச்சொத்தாகிவிடும்’ என்று அஞ்சிய பேராசிரியர்களை நாம் சந்தித்ததுண்டு. அவ்வச்சத்துக்குப் பனுவலில் இடமில்லை.

கட்டற்ற மென்பொருளுக்கும் ஒழுங்கு தேவை. பிராட் அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. இன்று அளந்ததும் மூன்றாண்டு கழித்து அளப்பதும் ஒரே பதிப்பில் நிகழும் என்பதற்கு உறுதியில்லை. எனவே பதிப்பெண்ணை ஆய்வேட்டில் குறிப்பதோடு, பயன்படுத்திய நிரற்கோப்பையே தரவுகளோடு சேர்த்து வைக்குமாறு மாணவருக்குச் சொல்லவேண்டும். பிராட்டைப் பொறுத்தவரை அது ஒரே கோப்புதான்; அதனைப் படியெடுத்துப் பிறருக்குத் தரவும் உரிமம் இடமளிக்கிறது. வணிக மென்பொருளில் இவ்வாறு செய்ய இயலாதபோது, முடிவுகளையும் அவற்றைப் பிறப்பித்த எண்களையும் எளிய எழுத்துக்கோப்புகளாக, உரிமம் உயிரோடிருக்கும்போதே ஏற்றுமதி செய்துவிடவேண்டும். முடிவு நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைப்பதிலும் இழுக்கில்லை.

நிறைவாக ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். க்னூ உரிமத்தைப் பிற மொழிகளில் பெயர்க்க அறக்கட்டளை இசைகிறது. ஆயினும் ஆங்கில மூலமே சட்டப்படி செல்லும் என்னும் குறிப்பு மொழிபெயர்ப்பில் இடம்பெறவேண்டும் என்கிறது. மாணவர் பயிற்சிக்காக யாமும் சில பிரிவுகளைத் தமிழில் எழுதிப் பார்த்தோம். ஈற்றில் வரும் பொறுப்புத் துறப்புப் பிரிவில், நிரல் எவ்வித உத்தரவாதமும் இன்றி ‘ஆஸ் இஸ்’ அளிக்கப்படுகிறது என்று ஒரு தொடர் உண்டு. மாணவர் பலரும் அதனை ‘உள்ளது உள்ளபடியே’ என்று பெயர்த்தனர். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் ‘உள்ளதை உள்ளபடி சொல்’ என்றால் உண்மையைச் சொல் என்பது பொருள். ‘உள்ளபடியே’ என்பதற்கு மெய்யாகவே என்னும் பொருளும் உண்டு. எதற்கும் பொறுப்பேற்க மறுக்கும் தொடர், தமிழில் உறுதிமொழிபோல் ஒலித்துவிடுகிறது. நீண்ட உரையாடலுக்குப் பின் வகுப்பில் ‘இருக்கும் நிலையிலேயே, பொறுப்பேற்பு ஏதுமின்றி’ என்று எழுதி வைத்தோம்.